ஓ.டி.யில் கூண்டு ஏறிய சாயங்காலம்

இன்று காலை டீக்கடை டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு, கடலூர் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம். கையில் கிளாஸை வைத்துக்கொண்டு நான் சிரித்துவிட்டேன். டீ மூக்கில் ஏறுகிற சிரிப்பு. பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மாஸ்டரிடம் சொன்னார்: "புயலுன்றான், இந்தாளு சிரிக்கிறாரு. ஓட்டு வூட்டுல இருக்கறவன சிரிக்கச் சொல்லு பாப்போம்."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் கூண்டு என்று கேட்டால் எனக்கு இப்போதெல்லாம் புயல் ஞாபகம் வருவதில்லை. ரோசலின் அக்காவின் இடது தோள்தான் ஞாபகம் வருகிறது.

அது ஏன் என்று சொல்கிறேன், அவசரம் இல்லையென்றால் உட்காருங்கள். எனக்குச் சுருக்கமாகப் பேச வராது. சிதம்பரம் மேல வீதிப் பக்கம் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். வாயை மட்டும் சின்னதாக வைத்துக்கொண்டால் தொழிலுக்கே அவமானம். படிப்பு எட்டாவதோடு சரி. மற்றதெல்லாம் பஸ்ஸிலும் பந்தியிலும் ஜனங்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டுச் சேர்த்தது.

பிறந்தது சிதம்பரம் இல்லை. நான் ஓ.டி.க்காரன். போர்டில் கடலூர் முதுநகர் என்று இருக்கும், கண்டக்டர் வாயிலும் எங்கள் வாயிலும் ஓ.டி.தான். ஓல்ட் டவுன், அதாவது பழைய டவுன் என்பதை வெள்ளைக்காரன் ரெண்டு எழுத்தாக்கிக் கொடுத்துவிட்டுப் போனான், நாங்களும் அதை ஊர்ப் பெயராகவே வைத்துக்கொண்டோம். ஆலப்பாக்கம் தாண்டி பஸ் வரும்போதே வாசனை பிடித்துவிடலாம். சேறு, கருவாடு, நனைந்த கோணி. இந்த மூன்றாவது வாசனை இருக்கிறதே, அதுதான் என் காலேஜ்.

ஓ.டி. துறைமுகத்தை நீங்கள் சினிமாவில் பார்த்த துறைமுகம் மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் ஊரில் கப்பல் கரைக்கு வராது. கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் கடலிலேயே நங்கூரம் போட்டு, மாப்பிள்ளை முறுக்கோடு நிற்கும். நாங்கள்தான் பார்ஜ் என்கிற தட்டையான பெரிய படகுகளில் அதனிடம் போய், மூட்டைகளை இறக்கி, முகத்துவாரம் வழியாக ஆற்றங்கரைக் கிடங்குகளுக்குக் கொண்டுவந்து அடுக்க வேண்டும். கோதுமைக் கப்பல் வந்தால் ஊருக்கே மாவு வாசனை. உரக் கப்பல் வந்தால் ஊருக்கே கண்ணெரிச்சல். துணி காயப்போடும் முன் என் அம்மா வாசலில் நின்று மூக்கை நீட்டுவாள். "இன்னிக்கி உரம். உள்ளாறயே போடு" என்பாள். எங்கள் வீட்டு வானிலை அறிக்கை அவ்வளவுதான்.

வேலைக்கு ஆள் எடுக்கிற விதம்தான் விசேஷம். விடிந்ததும் கிடங்கு கேட்டுக்கு வெளியே ஆட்கள் கூடி நிற்பார்கள். கேட் திறந்துதான் கிடக்கும். யாரும் உள்ளே போக மாட்டார்கள். தள்ளுகிற கேட் என்பதால் அது உருள்வதற்குத் தரையில் ஒரு இரும்புப் பட்டை பதித்திருந்தார்கள். பட்டைக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் வேலை. மேஸ்திரி வெற்றிலை மென்றபடி வருவார். பேர் சொல்ல மாட்டார், வாயே திறக்க மாட்டார். கூட்டத்துக்குள் நடந்து, வேண்டிய ஆளின் தோளில் ஒரு தட்டு. தட்டு வாங்கியவன் பட்டையைத் தாண்டுவான். வாங்காதவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவான். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சஸ்பெண்ட் ஆர்டர் எல்லாம் அந்த ஒரு கைதான்.

நான் அப்போது முருங்கைக்காய்க்குச் சட்டை மாட்டினது போல இருப்பேன். முன்வரிசையில் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்ற முதல் நாள், மேஸ்திரி எனக்காகவே வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பேசினார். "டேய், மூட்டையத் தூக்க உன்னக் கூப்புட்டா, உன்னத் தூக்க நான் இன்னொருத்தனக் கூப்புடணும்டா." கேட்டே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், வேறு வழி? அப்புறம் ஒருநாள் கோதுமைக் கப்பல் ரெண்டு சேர்ந்து வந்துவிட, ஆள் போதாமல் என் தோளிலும் ஒரு தட்டு விழுந்தது. இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் யாராவது தோளில் இடித்துவிட்டுப் போனால், வேலை கிடைத்துவிட்டது என்று ஒரு கணம் உடம்பு நிமிர்கிறது.

கேட்டுக்கு இடப்பக்கம், பட்டைக்கு வெளியே, ரோசலின் அக்கா கூழ்ப் பானையோடு உட்கார்ந்திருப்பார். பார்ஜ் ஓட்டுகிற அந்தோணி மச்சானின் வீட்டுக்காரி. கூழும் வறுத்த நெத்திலியும். தட்டு வாங்கியவனுக்கு ஒரு அகப்பை, வாங்காதவனுக்கு அதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி. கேட்டால் சொல்வார்: "வேலைக்குப் போறவன் பசியத் தாங்கிக்குவான் தம்பி. சும்மா திரும்பிப் போறவனுக்குத்தான் கால் ஓயும்." அந்த ஜாஸ்திக் கூழை ஓயாமல் சாப்பிட்டவன் என்பதால் இதற்கு நானே சாட்சி.

பொம்பளைகள் தோளை மேஸ்திரி தட்டியதே இல்லை. அதனால் அத்தனை வருஷத்தில் அக்கா அந்தப் பட்டையைத் தாண்டியதும் இல்லை. பானை கழுவத் தண்ணீர் உள்ளே குழாயடியில்தான் இருந்தது. அதைக்கூட, "தம்பி, ஒரு கொடம் புடிச்சாந்து குடேன்" என்று எங்களில் ஒருத்தரிடம்தான் கேட்பார்.

கூண்டிலிருந்து ஆரம்பித்துக் கூழுக்கு வந்துவிட்டேன் பாருங்கள். துறைமுகத்துக் கொடிக்கம்பத்தில் கறுப்பு அடித்த கூண்டுகளை ஏற்றுவார்கள். கூம்பு மாதிரி ஒன்று, உருளை மாதிரி ஒன்று. எது மேலே எது கீழே என்பதில் இருக்கிறது புயலின் நம்பர். மழைக்காலத்தில் ஊரே பல் தேய்த்துக்கொண்டே ஒருதரம் கம்பத்தை அண்ணாந்து பார்க்கும். கார்த்திகையில் கல்யாணம் வைத்தவர்கள் பந்தக்கால் நடும் முன் அங்கேதான் பார்ப்பார்கள். கூண்டு ஏறிவிட்டால் படகைக் கட்டணும், கருவாட்டை வாரணும், அரிசியைப் பரணில் ஏற்றணும். அன்றைக்குக் கேட்டில் கூட்டம் இருக்காது. யாருக்கும் தட்டு இல்லை.

பிறகு கப்பல் வரத்து குறைந்தது. ஒரு வருஷம் ஒன்றுமே வரவில்லை. கிடங்குகளுக்குப் பூட்டு விழுந்தது. நான் சிதம்பரத்துக்கு வந்து, ஒரு பழைய ஆம்ப்ளிபயரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து, ஷாக் வாங்கியே தொழில் கற்றுக்கொண்டேன்.

அந்தோணி மச்சான் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மகள் ஜோசபின் சிற்பம் படித்தாள். மெட்ராஸில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, கூட நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, அதே கிடங்கை வாடகைக்குப் பிடித்தாள். ஒரு மூலையில் பானைச் சக்கரம், ஒரு மூலையில் பிரம்பு முடைவது, பின்னால் நாடக ஒத்திகை, நடுவே காப்பிக் கடை. இதைப் பார்த்துப் பக்கத்துக் கிடங்கில் படம் வரைகிறவர்கள் வந்தார்கள். மூடிக் கிடந்த ஐஸ் பேக்டரியில் பாட்டு ரெக்கார்ட் பண்ணுகிறார்கள். வெளிச் சத்தமே கேட்காதாம், ஐஸுக்குக் கட்டின சுவர் அல்லவா. உரம் அரித்த சந்துச் சுவர்களில் ஆள் உயரத்துக்கு மீன் நீந்துகிறது. நான் மூட்டையோடு மூச்சு வாங்கிய சந்தில் இப்போது பாண்டிச்சேரிப் பையன்கள் காமிராவோடு மூச்சு வாங்குகிறார்கள்.

முதல் முறை போனபோது கேட்டில் என் கால் நின்றுவிட்டது. "மாமா, ஏன் அங்கயே நிக்கறீங்க? உள்ள வாங்க" என்று ஜோசபின் வந்து கையைப் பிடித்து இழுத்தாள். முட்டிவலி என்று சொன்னேன். சொன்னதை நானே நம்பியும் விட்டேன்.

உள்ளே பார்த்தால் வெள்ளையடிக்காமல் அப்படியே விட்டிருந்தாள். மூட்டை அடுக்கின உயரம் வரைக்கும் சுவர் கறுத்திருந்தது. பழைய பார்ஜ் பலகை நீள மேசையாக நடுவில் கிடந்தது. காப்பிக்கொட்டைக் கோணி ஒன்று மழையில் நனைந்து மூலையில் சாய்ந்திருக்க, எனக்கு வாசனை நேரே மண்டையில் ஏறி, நான் பேச ஆரம்பித்தேன். மேஸ்திரி, கப்பல், கூண்டு என்று எல்லாவற்றையும் கொட்டினேன். பிரம்பு முடைகிற பெண் கூண்டு எப்படி இருக்கும் என்று கேட்டாள். கையை ஆட்டி ஆட்டிக் காட்டினேன். இதன் பலன் பின்னால் வருகிறது.

ஜோசபினுக்கு ஒரு துக்கம் இருந்தது. "பாண்டியிலேந்து வராங்க, மெட்ராஸ்லேந்து வராங்க மாமா. இந்தத் தெருக்காரங்க ஒருத்தர் வரல. எங்கம்மாவே வரல." துக்கத்தோடு ஒரு கெடுவும் இருந்தது. கிடங்குக்குச் சொந்தக்காரர் சிதம்பரத்தில் இருக்கிறார். என் கடைக்கு வாடிக்கை, நல்ல மனுஷர். அவரிடம் கல்யாண மண்டபம் கட்ட ஒருத்தர் கிடங்கை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஊருக்கு உபயோகப்பட்டா இருந்துட்டுப் போவட்டும்மா. ஊரே எட்டிப் பாக்காத எடத்த வெச்சிக்கினு என்னா பண்றது? உங்க விழாவுக்கு நானே வரேன். ஊரு வந்துச்சின்னா எடம் உங்களுக்கு, வராட்டி மண்டபத்துக்கு" என்று சொல்லிவிட்டார். ஊரைக் கூப்பிட்டு ஜோசபின் நடத்த இருந்த விழா அது. கார்த்திகையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

சரி, அழைக்கிற பொறுப்பு என்னுடையது என்று மார் தட்டிவிட்டு வீடு வீடாகப் போனேன். பழைய கூட்டாளி கலியபெருமாள் சொன்னான்: "அங்க காப்பிய இங்கிலீஷ்ல கேக்கணுமாம்ல மச்சான்? எனக்குத் தமிழ்லயே சக்கர கம்மின்னு சொல்ல வராது." பார்ஜை இழுக்கிற லாஞ்சில் டிரைவராக இருந்த பஷீர் பாய், "இன்ஷா அல்லாஹ், வந்துடறேன்" என்றார், ஆனால் கண் டிவியை விட்டு நகரவில்லை. மீன் விற்கிற முத்துலட்சுமி, "நான் வந்து ஒக்காந்தா அவுங்க ரூமு பூரா சென்ட் அடிப்பாங்க, பாவம்" என்றாள். ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பும் செய்தேன். பிள்ளைகள் ஆட்டோவுக்குப் பின்னால் ஓடியதுதான் மிச்சம்.

கடைசியாக ரோசலின் அக்கா. வலையில் சிக்கின மாதிரி புடவை நுனியைத் திருகிக்கொண்டே சொன்னார்: "எம்பொண்ணு நல்லா இருக்கட்டும் தம்பி. நான் வாசல் வரைக்கும் வந்தவ. அதுக்கு மேல என் காலு பழகல."

விழா அன்று மேகமூட்டம். உள்ளே பாண்டிச்சேரி ஆட்கள் கொஞ்சம் பேர். கிடங்கு முதலாளி சிதம்பரத்துக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து வாட்சைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், மறுபடி வாட்சைப் பார்த்தார். தெரு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஜோசபின் அழுகையை அடக்கிக்கொண்டு, "மாமா, இருட்டறதுக்குள்ள மேல விளக்க ஏத்திடலாம்" என்றாள்.

விளக்கு என்றாள் பாருங்கள், அது பிரம்புக்காரப் பெண் என் கை ஆட்டலைப் பார்த்து முடைந்தது. கூம்பு ஒன்று, உருளை ஒன்று, கறுப்புத் துணி சுற்றி, உள்ளே சின்ன பல்பு. கிடங்குக் கூரையில் இருந்த பழைய கம்பத்தில் கயிறு கட்டி இழுத்தோம். இழுத்ததில் என் கையும் உண்டு. மேகத்துக்கு முன்னால் கன்னங்கரேல் என்று கம்பீரமாக ஆடியது. நான்தான் முதலில் கைதட்டினேன். மூளை என்று ஒன்று அன்றைக்கு என்னோடு வரவில்லை.

முதலில் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு குரல். "கூண்டு ஏறிடுச்சி!" அப்புறம் அடுத்த தெருவில். ஷட்டர்கள் சடசடவென்று இறங்கின. படகுக்காரர்கள் கயிற்றோடு ஓடினார்கள். எங்கேயோ ஒரு பொம்பளை பிள்ளையைப் பேர் சொல்லிக் கத்திக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஊரே கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. கலியபெருமாள் தோளில் கயிற்றுச் சுருள், பஷீர் பாய் பனியனைப் பாதி மாட்டினபடி.

"யார்றா ஏத்துனது? எத்தினியாம் நம்பரு?"

"கூம்பு மேல கீது, அஞ்சு" என்றார் பாய்.

"யோவ் பாய், அஞ்சுக்கு உருளதான்யா மேல. இது எட்டு!"

"எட்டுன்னா இந்நேரம் உன் லுங்கி பறந்திருக்கும். மூணுய்யா."

"மூணோ நூறோ," முத்துலட்சுமி முன்னால் வந்தாள், "காஞ்ச கருவாட்டையும் காயாததையும் ஒண்ணா வாரிக் கொட்டிட்டேன். அதுக்கு மொதல்ல பதில் சொல்லு."

மைக்கைப் பிடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவை எனக்குப் பேச்சு வரவில்லை. "அன்பார்ந்த ஊர்ப் பெரியோர்களே... புயல் ஒன்றும் இல்லை. அது... அலங்கார விளக்கு."

"வெளக்கா?" என்றது ஒரு குரல். அடுத்து எழுந்த இரைச்சலில் என் ஸ்பீக்கர் தோற்றது. என் பரம்பரை முழுக்க ஒருதரம் அழைக்கப்பட்டது. ஜோசபின் முகம் வெளுத்துவிட்டது. சிதம்பரத்துக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

அப்போதுதான் கவனித்தேன். கேட் அகலத் திறந்து கிடக்கிறது. ஊரே அடிக்கிற கோபத்தில் இருக்கிறது. ஆனால் ஒருத்தர் கால்விரல்கூட அந்த இரும்புப் பட்டையைத் தாண்டவில்லை. பட்டைக்கு வெளியே தோளோடு தோள் ஒட்டி நின்று, அங்கிருந்தே திட்டுகிறார்கள். கோதுமை மூட்டையை இறக்கி வைத்து எத்தனையோ காலம் ஆயிற்று, தட்டுக்காகக் காத்து நின்ற அந்தக் காலையை மட்டும் ஒருத்தரும் இறக்கி வைக்கவில்லை. என் முட்டிக்கு ஒரு வியாதியும் இல்லை என்று அங்கேதான் தெரிந்தது.

ஜோசபினின் காதில் சொன்னேன். மூணே வார்த்தை. "யாராச்சும் தோளத் தட்டணும்மா."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். புரிந்துகொண்டாள், கேட்டை நோக்கி நடந்தாள். காலையிலிருந்து பானைச் சக்கரத்தில் இருந்தவள், கையெல்லாம் களிமண். அவள் வருவதைப் பார்த்துச் சத்தம் குறைந்தது. கலியபெருமாளைத் தாண்டினாள், பாயைத் தாண்டினாள். கேட்டுக்கு இடப்பக்கம், பானை வைத்து உட்கார்ந்த அதே இடத்தில், ரோசலின் அக்கா நின்றிருந்தார். மகளுக்கு அடி விழுந்துவிடுமோ என்று ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

ஜோசபின் அம்மாவின் இடது தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். புடவையில் அஞ்சு விரலும் களிமண்ணாகப் பதிந்தது.

"என்னாடி இது?"

"வேல இருக்கும்மா. உள்ள வா."

அக்கா தோளைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். "மேஸ்திரியாயிட்டியாடி நீ?" என்றார். பிறகு, தண்ணீரைத் தாண்டுகிறவர் போலப் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பட்டையைத் தாண்டினார்.

கலியபெருமாள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, வந்து தோளைச் சாய்த்து நின்றான். "எனக்கு?"

தட்டு. பாய் வந்தார். "எனக்கு ரெண்டா தட்டும்மா. ஒரு நாள் விட்டுப்போச்சு." முத்துலட்சுமி வந்தாள். "கருவாட்டுக்கும் சேத்துத் தட்டு." அதற்கப்புறம் ஜோசபினுக்குக் கை ஓயவில்லை. நெரிசலில் தட்டு வாங்காமல் உள்ளே வந்துவிட்ட ரெண்டு பேர், வெட்கப்பட்டு வெளியே போய் மறுபடி வரிசையில் நின்றார்கள். பாண்டிச்சேரிப் பையன்களும் போய் நின்றார்கள், எதற்கென்று தெரியாமலே. கடைசியில் பார்த்தால், சிதம்பரத்துக்காரர் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய் வரிசையின் வாலில் நிற்கிறார்! கலியபெருமாள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான்: "பயப்படாதீங்க மொதலாளி, அந்த முருங்கக்காவுக்கே கெடச்சிது, ஒங்களுக்குக் கெடைக்காதா?" முருங்கைக்காய் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது.

உள்ளே வந்த அக்கா எதையும் பார்க்கவில்லை. நேரே பின்பக்கக் குழாயடிக்குப் போனார். குழாயைத் திறந்து, கை நிறையத் தண்ணீர் பிடித்து, ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தார். "ச்சீ, உப்பு! இந்தத் தண்ணிக்கா அத்தினி வருஷம் உங்கள கெஞ்சிக்கினு இருந்தேன்?" என்றார். நான் சிரிக்க, அவர் சிரிக்க, பின்னால் நின்ற ஜோசபின் சிரித்துக்கொண்டே அழுதாள்.

அப்புறம் கிடங்கு கிடங்காக இல்லை. கூம்பா உருளையா என்ற வழக்கு மேசையைச் சுற்றித் தொடர்ந்தது, இன்றுவரை தீர்ப்பு இல்லை. "இது நம்ம பார்ஜ் பலகையாச்சே," என்று கலியபெருமாள் மேசையைத் தடவினான். "இதுமேலயா காப்பி வெக்கறீங்க? இதுமேல நான் வாந்தி எடுத்திருக்கேன்மா, மொத நாளு." காப்பி குடித்துக்கொண்டிருந்த பையன் டம்ளரை மெதுவாகத் தூக்கிக்கொண்டான். சர்க்கரை கம்மி என்று கலியபெருமாள் தமிழிலேயே சொன்னான். புரிந்துகொண்டார்கள்.

திரும்பும்போது சிதம்பரத்துக்காரர் என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். அவர் தோளில் களிமண் காய்ந்திருந்தது. அதைத் தட்டிவிடவும் இல்லை. பி.முட்லூர் தாண்டியதும் சொன்னார்: "மண்டபக்காரருக்கு நீயே போன் போட்டு, எடம் இல்லன்னு சொல்லிடு. உனக்குத்தான் வாய் இருக்கே."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நீள மேசையில் ரோசலின் அக்காவின் கூழ் உண்டு. காப்பியைவிட அதற்குத்தான் கிராக்கி. ஜோசபினின் களிமண் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்கிறார். யாராவது வாடின முகத்தோடு வந்தால் இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி.

போனது எல்லாம் போனதுதான். கடலில் நிற்கிற மாப்பிள்ளைக் கப்பல் இல்லை. மேஸ்திரி இல்லை, அவர் துப்பின சிவப்பும் இல்லை. துறைமுகத்தில் கூண்டு இன்னும் ஏறுகிறது, இன்றைக்கும் ஏறியிருக்கிறது. ஆனால் பல் தேய்த்துக்கொண்டே யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை, போனிலேயே புயல் வந்துவிடுகிறது. இதற்கெல்லாம் எனக்கு வருத்தம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் போன மாதம் போயிருந்தபோது கேட்டில் நின்று தரையைத் தேடினேன். இரும்புப் பட்டை தென்படவில்லை. அத்தனை கால்கள் போய் வந்து மண் மூடி மெத்தென்று கிடந்தது. செருப்பால் கொஞ்சம் கீறிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. உள்ளேயிருந்து ரோசலின் அக்கா என்ன தேடுகிறாய் என்று கேட்டார்.

"இங்க ஒரு பட்ட இருந்துச்சேக்கா?"

அக்கா அகப்பையைப் பிடித்தபடி கேட்டுவரை வந்தார். தாண்டி வெளியே வந்தார், மறுபடி உள்ளே போனார், தரையைச் சுற்றிலும் பார்த்தார்.

"எந்தப் பட்ட?" என்றார்.